சுங்கானின் கறுப்புத் தண்டைக் காக்க எது நல்லது: இருட்டா, எண்ணெயா, மெழுகா, புதுத் தண்டா?

மட்டக்களப்பில், புளியந்தீவிலோ கல்லடியிலோ ஒரு பெரியவர் காலமான பின் அவருடைய அலுமாரியை ஒழிக்கும்போது, சில வேளைகளில் அடித்தட்டிலிருந்து ஒரு சுங்கான், அதாவது புகையிலை புகைக்கும் பைப், வெளியே வருகிறது. தச்சுப்பட்டறை வைத்திருந்த பறங்கிக் குடும்பத்து மூத்தவருடையதாக இருக்கலாம். கல்லோயாத் திட்டக் காலத்தில் அம்பாறையில் வேலை பார்த்த எழுதுவினைஞருடையதாக இருக்கலாம். கிண்ணத்தின் மரம் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். தண்டுதான் பார்க்கச் சகிக்காது. ஒரு காலத்தில் மினுமினுத்த கறுப்பு, பச்சையும் பழுப்பும் கலந்த அழுக்கு நிறமாக மாறியிருக்கும். முகர்ந்தால் கந்தக வாடை. நாக்கு நுனி பட்டால் கசப்பு.

பழைய சுங்கான்களையும், எபோனைட் என்ற கடின இறப்பரால் செய்த பேனைகளையும் பழுதுபார்ப்பதில் ஈடுபாடு உள்ளவன் என்பதால், “இதற்கு என்ன பூசலாம்?” என்ற கேள்வி என்னிடம் அடிக்கடி வருகிறது. பூசுவதை நான் இரண்டாம் இடத்தில்தான் வைக்கிறேன். தண்டைக் காப்பதற்கு நம் முன்னால் நான்கு வழிகள் உள்ளன: இருட்டில் உலர்வாக வைத்தல், எண்ணெய் தடவுதல், மெழுகு பூசுதல், எபோனைட்டையே கைவிட்டு அக்கிரிலிக் என்ற பிளாஸ்டிக் தண்டுக்கு மாறுதல். வாவிக்கும் கடலுக்கும் இடையில் வாழ்கிறவர்களுக்கு இவற்றில் முதலாவதே முதன்மையானது என்பது என் முடிவு. மற்ற மூன்றுக்கும் அவற்றுக்குரிய இடம் உண்டு. அந்த இடம் எது என்பதைத்தான் கீழே எடைபோட்டுப் பார்க்கிறேன்.

சுங்கான் புகையை நெஞ்சுக்குள் இழுக்காதவருக்கும் வாய்ப் புற்றுநோயும் தொண்டைப் புற்றுநோயும் வரும் ஆபத்து உண்டு. யாரையும் புகைக்கத் தூண்ட இதை எழுதவில்லை. என் கைக்கு வரும் சுங்கான்களில் பெரும்பாலானவை இனி ஒருபோதும் பற்றவைக்கப்படப் போவதில்லை. அவற்றை வைத்திருப்பவர்கள் ஒரு மனிதரின் நினைவுக்காக வைத்திருக்கிறார்கள். அந்த நினைவுப் பொருள் கெட்டுப்போகாமல் இருக்க வேண்டும் என்பதே என் அக்கறை.

தண்டு ஏன் பச்சையாகிறது

பழைய தண்டுகளில் பெரும்பாலானவை எபோனைட்டால் ஆனவை. வல்கனைட் என்றும் சொல்வார்கள். இயற்கை இறப்பரோடு அதன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கோ அதற்கும் கூடுதலாகவோ கந்தகம் கலந்து நீண்ட நேரம் சூடாக்கினால், இறப்பர் தன் நெகிழ்ச்சியை இழந்து கடினமான பொருளாகிறது. அதைக் கடைசல் எந்திரத்தில் கடையலாம், அரத்தால் அராவலாம், மெருகேற்றலாம். இறப்பரையும் கந்தகத்தையும் சூட்டில் இணைக்கும் வழியைச் சார்ள்ஸ் குட்இயர் 1839இல் கண்டறிந்தார். அவருடைய தம்பி நெல்சன் குட்இயர் 1851இல் கடின இறப்பருக்குக் காப்புரிமை பெற்றார். இலங்கைக்கு இறப்பர்க் கன்றுகள் வந்து சேர்ந்தது 1876இல்தான். அதற்கு முன்பே மேலைநாடுகளில் எபோனைட்டில் சீப்பும் பொத்தானும் செய்து விற்றுக்கொண்டிருந்தார்கள். பல்லுக்கு இதமாக இருக்கிறது என்பதுதான் சுங்கான் செய்கிறவர்கள் இதை விரும்பக் காரணம். கடித்துக்கொண்டு மணிக்கணக்கில் வேலை செய்தாலும் பல் கூசாது.

அந்த இதத்துக்குக் கொடுக்கும் விலை கந்தகம். ஒளி, அதிலும் வெயிலில் உள்ள புறவூதாக் கதிர், மேற்பரப்பிலுள்ள கந்தகப் பிணைப்புகளை உடைக்கிறது. விடுபட்ட கந்தகம் காற்றின் ஒட்சிசனோடும் ஈரத்தோடும் சேர்ந்து கடைசியில் மிக நுண்ணிய அளவில் சல்பூரிக் அமிலமாகிறது. அந்த அமிலம் காற்றிலிருந்து மேலும் ஈரத்தை இழுத்துக்கொள்கிறது. பழைய மின்கருவிகளைச் செய்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். எபோனைட் மிகச் சிறந்த மின்காவலி. ஆனால் வெளிச்சத்தில் கிடந்த எபோனைட்டின் மேல் படியும் அமிலப் படலத்தின் வழியாக மின்சாரம் கசியும். அதனால் கருவிகளின் எபோனைட் பாகங்களைத் தூய நீரால் கழுவித் துடைத்து, வெளிச்சம் படாமல் மூடிவைத்தார்கள். சுங்கான் தண்டுக்கு நான் சொல்லப்போகும் முதல் வழியும் அதுவேதான்.

ஆக எதிரிகள் ஒளி, ஒட்சிசன், ஈரம் ஆகிய மூன்று. சூடு இவற்றைத் துரிதப்படுத்துகிறது. ஒட்சிசனை வீட்டில் யாரும் தடுக்க முடியாது. ஈரத்தைக் குறைக்கலாம். ஒளியை முழுவதுமாக நிறுத்தலாம். எந்த வழியை எடைபோடும்போதும், அது இந்த மூன்றில் எதைத் தடுக்கிறது என்று பார்த்தாலே பாதி முடிவு வந்துவிடும்.

மட்டக்களப்பில் இந்தக் கணக்கு மேலும் கடுமையாகிறது. மாரியில் கொண்டல் காற்றோடு வரும் ஈரம் சுவரிலும் துணியிலும் பூஞ்சணம் பிடிக்க வைக்கும் அளவுக்கு இருக்கும். கடற்கரை ஓரத்து வீடுகளில் காற்றோடு வரும் உப்பு எல்லாப் பொருளின் மேலும் கண்ணுக்குத் தெரியாமல் படிகிறது. உப்பும் ஈரத்தை இழுக்கும். எனினும் தண்டுக்கு மாரியைவிட ஆபத்தான காலம் கச்சான் வீசும் காலம் என்றே நான் கருதுகிறேன். அப்போதுதான் சன்னல்கள் எல்லாம் திறந்து கிடக்கும், வெயில் அறைக்குள் நீளமாக விழும். மாரியில் பூஞ்சணம் பிடித்த பொருட்களை எல்லாம் முற்றத்தில் பாய் விரித்துக் காயப்போடும் வழக்கமும் நமக்கு உண்டு. தோல் பெட்டி, புத்தகம், துணி எல்லாம் வெயில் கண்டால் பிழைத்துக்கொள்ளும். எபோனைட் தண்டை அந்தப் பாயில் வைத்தால், நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு கெடுதல் செய்கிறோம்.

முதலில் பழைய படலத்தை எடுக்க வேண்டும்

பச்சை படிந்த தண்டின் மேல் எதைப் பூசினாலும் பயன் இல்லை. ஒரு துளி எண்ணெய் பட்டதும் தண்டு கறுப்பாகத் தெரியும்; உடனே குணமாகிவிட்டது என்று தோன்றும். உண்மையில் ஒட்சியேறிய பரப்பு நுண்ணிய மேடுபள்ளங்களோடு இருப்பதால் ஒளியைச் சிதறடித்து வெளிறித் தெரிகிறது. எண்ணெய் அந்தப் பள்ளங்களை நிரப்புவதால் நிறம் ஆழமாகிறது. துடைத்தால், அல்லது எண்ணெய் போய்விட்டால், பழைய நிறம் திரும்பும். விற்பனைக்கு வைத்த பழைய சுங்கான்களை இப்படி எண்ணெய் பூசிக் காட்டுவது உண்டு. வாங்குகிறவர் உலர்ந்த துணியால் அழுத்தித் துடைத்துப் பார்ப்பது நல்லது.

படலத்தை எடுக்கும் வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மோட்டார் வாகனங்களுக்குப் பெயின்ட் அடிப்பவர்கள் தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் மெல்லிய அரத்தாள் ஹார்ட்வெயார் கடைகளில் கிடைக்கும். 600இல் தொடங்கி 1000, 2000 என்று மென்மையான தாளுக்குப் போக வேண்டும். தண்டைக் கிண்ணத்தின் மரக் கழுத்தோடு பொருத்திய நிலையிலேயே, அந்த இணைப்பை ஒட்டிய மரத்தில் நாடா ஒட்டிவிட்டுத் தேய்க்க வேண்டும். தனியாகக் கழற்றித் தேய்த்தால் விளிம்பு உருண்டு, மரமும் தண்டும் சந்திக்கும் இடத்தில் ஒரு வாய்க்கால் விழும். அதைப் பின்னர் சரிசெய்ய முடியாது. தண்டில் செய்தவரின் முத்திரையோ அடையாள வெள்ளைப் புள்ளியோ இருந்தால் அதைச் சுற்றிக் கையால், மிக மெதுவாகத் தேய்க்க வேண்டும். படலம் மெல்லியதாக இருந்தால் அரத்தாளே வேண்டாம். சுவர்க் கறை துடைக்கும் மெலமைன் பஞ்சும் சற்றுப் பற்பசையும் போதும்.

வெந்நீரில் ஊறவைக்க வேண்டாம். நல்ல நிலையிலிருக்கும் எபோனைட்கூட வெந்நீர் பட்டால் பழுப்பேறும். வெண்மையாக்கும் குளோரின் திரவத்தில் ஊறவைத்தால் படலம் கரைந்து போவது உண்மை. ஆனால் பரப்பு அரித்துச் சொரசொரப்பாகிவிடும். சொரசொரப்பான பரப்பில் ஈரமும் அழுக்கும் தங்கும், மறுபடி பச்சை பிடிப்பதும் விரைவாகும். மெருகு ஏறிய வழவழப்பான பரப்பே முதல் காப்பு.

இருட்டும் துணியும்

இதற்குப் பணச் செலவு இல்லை என்பதாலேயே பலர் இதை ஒரு வழியாகவே மதிப்பதில்லை. மூன்று எதிரிகளில் ஒன்றை முழுவதுமாகவும் இன்னொன்றைப் பெருமளவும் தடுப்பது இது ஒன்றுதான்.

புகைக்கிறவர் செய்ய வேண்டியது இவ்வளவே. சுங்கான் முற்றாக ஆறும் வரை தண்டைக் கழற்றாமல், துளைக்குள் ஒரு பைப் கிளீனரை (பஞ்சு சுற்றிய மெல்லிய கம்பி) செலுத்தி ஈரத்தை எடுக்க வேண்டும். சூடாக இருக்கும்போது கழற்றினால், மரத்துளைக்குள் இறுக்கமாக நிற்கும் தண்டின் முனையான முளை முறிந்துபோகக் கூடும். பிறகு வாயில் வைத்த பகுதியைப் பருத்தித் துணியால் நன்றாகத் துடைக்க வேண்டும். உமிழ்நீர் அங்கேயே காய்ந்தால் அந்தப் பகுதிதான் முதலில் பச்சையாகும். பழைய வேட்டித் துணிதான் இதற்குப் பொருத்தம். செயற்கை இழைத் துணி ஈரத்தை உறிஞ்சாமல் பரப்பிவிடும். வாரம் ஒருமுறை, குளிர்ந்த நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் தண்டு முழுவதையும் துடைத்து, உடனே உலர்த் துணியால் துடைக்க வேண்டும். தண்டின் மேல் படிந்த உப்பையும் அமிலத்தையும் நீரே அகற்றும். கிணற்றுத் தண்ணீர் உவர்ப்பாக உள்ள இடங்களில் குடிநீரைப் பயன்படுத்துவது நல்லது.

அதன் பின் வைக்கும் இடம். கதவு மூடும் மர அலுமாரி அல்லது மேசை இழுப்பறை, அதற்குள் ஒரு தடித்த துணிப்பை. வரவேற்பறைக் கண்ணாடி அலுமாரியில் அழகுக்காக நிறுத்திவைத்த சுங்கான்களில் வெளிச்சத்தைப் பார்த்திருந்த பக்கம் மட்டும் பச்சையாகி, மறுபக்கம் கறுப்பாகவே இருப்பதை நான் கண்டிருக்கிறேன். ஒளியின் வேலை என்ன என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. வாகனத்தின் முன்தட்டில் ஒருபோதும் வைக்கக் கூடாது. அங்கே வெயிலோடு சூடும் சேர்கிறது. வளைந்த தண்டுகள், நேராகக் கடைந்த பின் சூடாக்கி வளைக்கப்பட்டவை. கடுஞ்சூட்டில் கிடந்தால் அவை மெல்லத் தம் பழைய நேர்வடிவத்துக்குத் திரும்பும்.

இழுப்பறைக்குள் பூச்சி உருண்டை போட வேண்டாம். அந்த மணம் மரக் கிண்ணத்துக்குள் ஏறினால் போகாது. வெள்ளிப் பூண் போட்ட சுங்கானை வேறு வெள்ளிப் பொருட்களோடு வைக்கவும் வேண்டாம். எபோனைட்டிலிருந்து வெளிவரும் கந்தகம் வெள்ளியைக் கறுக்கச் செய்யும். ஈரமாக இருக்கும்போது பிளாஸ்டிக் பைக்குள் போட்டு இறுக மூடுவது மாரிக் காலத்தில் பலர் செய்யும் காரியம். உள்ளே சிக்கிய ஈரம் தண்டையும் கெடுக்கும், கிண்ணத்துக்குள் பூஞ்சணமும் வரும். மருந்துப் போத்தல்களோடும் சப்பாத்துப் பெட்டிகளோடும் வரும் சிலிக்கா ஜெல் பொதிகளை எறியாமல் எடுத்து இழுப்பறையில் போட்டுவைத்தால் மாரிக்கு உதவும்.

இந்த வழியின் குறை என்னவென்றால், இது ஒரு பழக்கம். தவறாமல் செய்தால்தான் பயன். இன்னொரு குறை, பொருளைக் கண்முன் வைத்துப் பார்க்க முடியாது. தந்தையின் சுங்கானை அவருடைய படத்தின் கீழ் வைக்க விரும்பும் குடும்பத்துக்கு இது மனத்துக்கு உகந்ததாக இராது.

எண்ணெய்

எண்ணெய்ப் படலம் ஈரத்தையும் உப்பையும் தண்டின் பரப்பில் நேரடியாகப் படியவிடாமல் ஓரளவு தடுக்கிறது. ஒளியைத் தடுக்காது. எனவே வெளிச்சத்தில் வைத்துக்கொண்டு எண்ணெய் மட்டும் தடவுகிறவர் பிரதான எதிரியை உள்ளே விட்டுவிட்டுச் சிறிய எதிரியோடு மல்லுக்கட்டுகிறார்.

எந்த எண்ணெய் என்பதில் எனக்குத் தெளிவான விருப்பம் உண்டு: பாமசியில் கிடைக்கும் திரவப் பரஃபின். மலச்சிக்கலுக்கு உட்கொள்ளக் கொடுக்கும் தரத்திலுள்ளது. நிறமும் மணமும் சுவையும் இல்லை. எத்தனை காலம் ஆனாலும் சிக்கு வாடை அடிக்காது, பிசுபிசுப்பாக இறுகாது. குழந்தைகளுக்குத் தடவும் பேபி ஒயிலும் அடிப்படையில் பெரும்பாலும் இதே பொருள்தான். ஆனால் அதில் வாசனை சேர்த்திருப்பார்கள், அது வாய்க்கு ஆகாது. சாதாரண இறப்பரைப் பெற்றோலிய எண்ணெய் ஊதிப்போகச் செய்யும் என்பது சைக்கிள் திருத்துகிறவர்களுக்குத் தெரியும். அந்த அச்சத்தில் சிலர் பரஃபினைத் தொடுவதில்லை. எபோனைட்டில் கந்தகப் பிணைப்புகள் மிக நெருக்கமாக இருப்பதால், மெல்லிய ஒரு பூச்சு அதை அப்படிச் செய்யாது. வெளிநாடுகளில் சுங்கான் தண்டுக்கென்றே சிறு குப்பிகளில் எண்ணெய் விற்கிறார்கள். நல்லவையாகவே இருக்கலாம், தபால் செலவும் சேர்த்து அவற்றை வரவழைக்க நம்மவருக்குத் தேவை இருப்பதாக நான் நினைக்கவில்லை.

தேங்காய் எண்ணெயைப் பற்றித்தான் இங்கே அதிகம் கேட்கிறார்கள், அது நியாயம்தான். வீட்டில் இருப்பது அது. தாவர எண்ணெய்களில் அதற்கு ஒரு தனிச் சிறப்பும் உண்டு. அதன் கொழுப்பில் ஏறத்தாழ 90 வீதம் நிரம்பிய கொழுப்பு. ஆகையால் காற்றோடு தாக்கமடைந்து கெடுவது மற்ற எண்ணெய்களைவிட மெதுவாக நடக்கும். 24 பாகை செல்சியஸ் அளவில்தான் அது உறையும், ஆகவே நம் ஊரில் பெரும்பாலும் திரவமாகவே இருக்கும். ஆனால் செக்கிலோ ஆலையிலோ ஆட்டி வடித்த எண்ணெயில் சிறிது ஈரமும் கொப்பரைத் துகளும் இருக்கும். அப்படிப்பட்ட எண்ணெய் சில மாதங்களில் சிக்கு வாடை அடிக்கத் தொடங்கும், எறும்பும் மொய்க்கும். தேங்காய் எண்ணெய்தான் பயன்படுத்த வேண்டும் என்றால், சுத்திகரித்த தெளிந்த எண்ணெயை எடுத்து, தடவி, முற்றாகத் துடைத்துவிட வேண்டும். தினமும் புகைத்துத் தினமும் துடைக்கிறவருக்கு அது போதும். பெட்டியில் பூட்டி வைக்கப்போகும் சுங்கானுக்கு வேண்டாம்.

நல்லெண்ணெயும் ஒலிவ் எண்ணெயும் இதற்குப் பொருந்தா. அவற்றில் நிரம்பாத கொழுப்பு அதிகம். மெல்லிய படலமாகக் காற்றில் கிடந்தால் நாளடைவில் ஒட்டும் தன்மை வந்துவிடும். கோவில் விளக்குக்கு ஊற்றும் இலுப்பெண்ணெயின் மணம் விளக்கோடு இருக்கட்டும்.

தடவும் முறை: ஒரே ஒரு துளியை விரலில் எடுத்துத் தண்டு முழுவதும் தேய்த்து, ஓரிரவு விட்டு, காலையில் துணியால் வழித்துத் துடைக்க வேண்டும். தொட்டால் வழுக்கக் கூடாது. கச்சான் காலத் தூசி எண்ணெயில் ஒட்டினால், அடுத்த முறை துடைக்கும்போது அந்தத் தூசியே மெருகைக் கீறிவிடும். முளையில் எண்ணெய் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். முளை உராய்வினால்தான் துளைக்குள் நிற்கிறது.

மெழுகு

சுங்கான் செய்யும் இடங்களில் கார்ணோபா மெழுகுதான் இறுதி மெருகு. பிரேசில் நாட்டுப் பனை வகை ஒன்றின் ஓலையில் படியும் மெழுகு அது. உருகுநிலை 80 பாகை செல்சியசுக்கு மேல். அதனால் நம் வெயிலில் இளகாது, தூசியையும் பிடிக்காது. பளபளப்பில் இதற்கு இணை இல்லை. சிக்கல் பூசுவதில் இருக்கிறது. கையால் தேய்த்தால் அந்த மெழுகு பரவாது. சுழலும் துணிச் சக்கரத்தின் உராய்வுச் சூடு வேண்டும். அந்தச் சூடு சற்றுக் கூடினாலும் எபோனைட் இளகி முத்திரை மங்கிவிடும். பழக்கம் உள்ள ஒருவர், வேகம் குறைந்த சக்கரத்தில் செய்தால் அருமையான காப்பு. வாயில் வைக்கும் பகுதியில் மட்டும், ஈரத்துக்கும் பல்லுக்கும் ஈடுகொடுக்காமல் சில தடவை புகைத்ததும் போய்விடும்.

தேன்மெழுகு அம்பாறைப் பக்கத்துக் காட்டுத்தேன் எடுப்பவர்களிடம் கிடைக்கும். 62 முதல் 64 பாகையில் உருகும் என்றாலும் அதற்கு வெகு முன்பே இளகத் தொடங்கும். தகரக் கூரையின் கீழ் நண்பகலில் அது பிசுபிசுக்கும். தனியாக வேண்டாம். எடையில் ஒரு பங்கு மெழுகை நாலு பங்கு திரவப் பரஃபினோடு சேர்த்து, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்கி ஆறவிட்டால் மென்மையான களிம்பாகும். புகைக்கப்படாத சுங்கானுக்கு இந்தக் களிம்பு எண்ணெயைவிட நீடிக்கும், வாய்க்கும் கேடில்லை. பூசிய பின் நன்றாக வழித்துத் துடைக்கத்தான் வேண்டும்.

நுண்பளிங்கு மெழுகு என்று ஒரு வகை உண்டு. ரெனைசன்ஸ் வாக்ஸ் என்ற பெயரில் விற்கப்படுவது. 1950களில் பிரித்தானிய அருங்காட்சியகத்தின் ஆய்வுகூடத்தில் தொல்பொருட்களைக் காப்பதற்காக உருவாக்கப்பட்டது. காட்சிக்கு மட்டும் வைக்கும் சுங்கானுக்கு இதைவிடச் சிறந்த பூச்சு எனக்குத் தெரியாது. அதில் பெற்றோலியக் கரைப்பான் இருப்பதால் வாயில் வைக்கும் தண்டுக்குப் பூசக் கூடாது.

சப்பாத்து பொலிஷ், பித்தளை துலக்கும் திரவம், வாகன முன்தட்டுக்கு அடிக்கும் சிலிக்கன் ஸ்பிரே, வார்னிஷ் ஆகியவற்றைப் பூசிய தண்டுகளையும் பார்த்திருக்கிறேன். எதுவும் வாய்க்குப் போகத் தகுந்ததல்ல. வார்னிஷ் எல்லாவற்றிலும் மோசம்; சில நாள் பளபளத்து, பின் உரிந்து, உரிந்த இடத்தில் ஈரத்தை உள்ளே பிடித்துவைத்துக்கொள்ளும்.

அக்கிரிலிக் தண்டு

ஒட்சியேற்றம் என்ற பிரச்சினையையே இல்லாமல் செய்வது இது ஒன்றுதான். அக்கிரிலிக்கில் கந்தகம் கிடையாது. வெயிலில் வைத்தாலும் பச்சையாகாது, கசக்காது, மெருகு நெடுங்காலம் நிற்கும். தினமும் படகிலோ வயலிலோ திறந்த வெயிலில் புகைக்கிறவருக்கு, பராமரிப்புக்கு நேரமில்லாதவருக்கு, இது நேர்மையான தீர்வு.

அதன் குறைகளும் நேர்மையாகச் சொல்லப்பட வேண்டும். பல்லுக்குக் கடினம்; கடித்துப் பிடிக்கும் பழக்கம் உள்ளவரின் பல் தேயும். சீமெந்துத் தரையில் விழுந்தால் எபோனைட்டைவிட எளிதில் உடையும். மதுசாரம் தொட்ட பைப் கிளீனரால் சுத்தம் செய்தால் அக்கிரிலிக்கில் நுண்வெடிப்பு விழக் கூடும். எபோனைட்டுக்கு அந்தப் பயம் இல்லை. இவை எல்லாவற்றுக்கும் மேலாக, பழைய சுங்கானுக்குப் புதுத் தண்டு பொருத்தினால் அது பாதிச் சுங்கானாகிவிடுகிறது. முத்திரை போய்விடும், அந்தக் கழுத்தின் வளைவோடு தண்டு ஒன்றாகச் செல்லும் கோடு போய்விடும், சேகரிப்பவர் கொடுக்கும் விலையும் இறங்கிவிடும்.

முளை முறிந்ததற்காக முழுத் தண்டையும் மாற்ற வேண்டியதில்லை. நல்ல லேத் வேலை செய்கிறவர் ஒருவர் முறிந்த முளையை மட்டம் செய்து, துளையிட்டு, டெல்ரின் என்ற கடின பிளாஸ்டிக் கம்பியிலிருந்து புது முளை கடைந்து ஒட்டித் தருவார். தண்டே மாற வேண்டிய நிலை என்றால் எபோனைட் கம்பி வரவழைத்துக் கடைவது என் முதல் விருப்பம். ஜேர்மனியிலும் ஜப்பானிலும் இந்தியாவிலும் அதைச் செய்கிறார்கள். செந்நிறமும் பழுப்பும் கோடுகோடாகக் கலந்த கம்பர்லண்ட் என்ற வகையும் எபோனைட்தான். அதுவும் ஒட்சியேறும், ஆனால் அதன் நிறக்கலவையில் மாற்றம் அவ்வளவாகக் கண்ணில் படாது. பராமரிப்பில் சற்றுத் தளர்வாக இருப்பவருக்கு அது ஒரு நல்ல நடுவழி.

யாருக்கு எது

தினமும் புகைக்கிறவர் துணி, இருட்டு, வாரம் ஒருமுறை நீர் என்ற ஒழுங்கோடு, மாதம் ஒருமுறை திரவப் பரஃபின் தடவினால் தண்டு கறுப்பாகவே இருக்கும். கடிக்கும் பகுதியில் இறப்பர் உறை போடுகிறவர்கள் அதைக் கழற்றித் துடைக்க மறக்கக் கூடாது. உறைக்கும் தண்டுக்கும் இடையில் ஈரம் சேரும். எப்போதாவது ஒருமுறை புகைக்கிறவர் எண்ணெய் தடவாமலே இருக்கலாம். ஒவ்வொரு முறையும் துடைத்து இருட்டில் வைத்தால் போதும்.

நினைவுக்காக வைத்திருக்கும் குடும்பத்துக்கு என் பரிந்துரை, படலத்தை ஒருமுறை முறையாக எடுத்து, களிம்போ நுண்பளிங்கு மெழுகோ பூசி, துணிப்பையில் போட்டு உள்ளே வைப்பது. ஆண்டில் ஒருமுறை, மாரி முடிந்ததும், எடுத்துப் பார்த்துத் துடைத்து வைக்கலாம். படத்தின் கீழ்தான் வைக்க வேண்டும் என்றால், நேர்வெயில் படாத உட்சுவரைத் தெரிவுசெய்து, நினைவுநாளில் வெளியே எடுத்துப் பின் உள்ளே வைப்பதே சிறந்தது. தண்டில் பல் பதிந்த தடம் இருந்தால், சூடு காட்டினால் எபோனைட் அந்தப் பள்ளத்தை ஓரளவு மேலே தள்ளிவிடும். விற்கப்போகும் சுங்கானில் அதைச் செய்யலாம். குடும்பத்துச் சுங்கானில் அதை விட்டுவிடும்படிதான் நான் சொல்வேன். அது அவருடைய பல் பதிந்த இடம்.

இத்தனையும் கேட்டுவிட்டு அக்கிரிலிக்குக்கே மாறுவது என்று முடிவு செய்தவருக்கு ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். கழற்றிய பழைய தண்டை எறிந்துவிட வேண்டாம். கடிக்கும் பகுதி ஓட்டையாகிப் போயிருந்தாலும், முளை முறிந்திருந்தாலும், அதைத் துடைத்து ஒரு துணியில் சுற்றி, சுங்கான் இருக்கும் அதே இழுப்பறையில், வெள்ளிச் சாமான்களிலிருந்து விலக்கி வைக்க வேண்டும். பிறகு ஒருநாள் யாராவது எபோனைட்டில் புதுத் தண்டு கடைய முன்வந்தால், நீளமும் தடிப்பும் வளைவும் துளையின் அளவும் அதில்தான் இருக்கின்றன.